முப்பத்தைந்துக்குக் கீழே

வீட்டில் அவளுக்குப் பெயர் சுண்டு. குறைமாதத்தில் பிறந்து சுண்டுவிரல் மாதிரி கிடந்தாள் என்று அக்கா வைத்த பெயர். நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் புரதப் பிரிவுக்குப் பொறுப்பாளராக ஆன பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. ஒருமுறை அக்கா ஆய்வுக்கூடத்துக்கே போன் போட்டு, "சுண்டு இருந்தா கொடுங்க" என்று சொல்லப்போக, வரவேற்பில் இருந்த பெண் அது ஏதோ ரசாயனச் சரக்கு என்று நினைத்து இணைப்பைக் கிடங்குக்குத் திருப்பிவிட்டாள். கிடங்குக்காரர் இருப்பில் இல்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஆய்வுக்கூடத்திலும் அவள் சுண்டுதான்.

சகோதரிகள் இருவருக்கும் நடுவே வயது இடைவெளி அதிகம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிற வீடு. அதனால் சுண்டுவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும், காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டதும், கணக்கைத் தப்பாகப் போட்டால் தலையில் குட்டியதும் அக்காதான். சுண்டு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதில் பெரிய காரணம் எதுவும் கிடையாது. படிப்பு முடிந்து வேலை வந்தது, வேலை நேரத்தையெல்லாம் தின்றது, பிறகு யாரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அக்கா வீட்டில். அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அக்கா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். சின்ன வெள்ளைக் கார். கற்பவர் பக்கத்தில் இருப்பது போலவே அக்காவின் காலடியிலும் ஒரு பிரேக். "இந்த ஊர்ல பாதிப் பேர் உயிரோட நடமாடுறாங்கன்னா அது என் வலது கால் போட்ட பிச்சை" என்பாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சில் பாதி, தங்கையைப் பற்றி.

தங்கை செய்த வேலையை மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னதும் அக்காதான். சுண்டு சொல்லத் தொடங்கினால் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அக்கா சொல்வாள்: "பொம்பளைங்களுக்குச் சினைப்பையில கட்டி வந்தா, அது ஒரு புரதத்தை ரத்தத்துல கசிய விடும். அது எவ்வளவு இருக்குன்னு அளக்கத்தான் டெஸ்ட். அளக்கணும்னா தராசு மட்டும் போதுமா? எடைக்கல் வேணும்ல? இவ்வளவு இருந்தா இவ்வளவுன்னு காட்ட, அதே புரதம் அளந்து வச்சது கொஞ்சம் வேணும். அந்த எடைக்கல்லைத்தான் என் தங்கச்சி செய்றா. கட்டி இல்லாமலே, நோயாளி இல்லாமலே, ஒரு குடுவைக்குள்ள."

அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் குடுவைக்கு வந்து சேர்வதற்குள் சுண்டுவின் இளமை போய்விட்டது.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எடைக்கல் மனிதர்களிடமிருந்துதான் வந்தது. நோய் முற்றிய பெண்களுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். மருத்துவமனையில் அதை ஊசி போட்டு வடிப்பார்கள். அந்த நீரில் இந்தப் புரதம் மண்டிக் கிடக்கும். அது பிளாஸ்டிக் கேன்களில் ஆய்வுக்கூடத்துக்கு வரும். வெளிர் மஞ்சள், சில நேரம் லேசான சிவப்பு. அதை வடிகட்டி, சுழற்றி, பிரித்து, கடைசியில் ஒரு கண்ணீர்த் துளி அளவுக்குப் புரதம் எடுப்பதுதான் அவளுடைய முதல் வேலை. கேன்மேல் பெயர் இருக்காது. வயது மட்டும் இருக்கும். அதைப் படிக்கக் கூடாது என்று தினமும் நினைப்பாள், தினமும் படிப்பாள். தன் வயதுக்காரி ஒருத்தியின் கேன் வந்த அன்று மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒருத்தியின் நீரிலிருந்து எடுத்த புரதம் மாதிரி இன்னொருத்தியினுடையது இருக்காது. எடைக்கல்லே மாதத்துக்கு மாதம் மாறினால் எந்தத் தராசு சரியாகக் காட்டும்? அப்போதுதான் ஆய்வுக்கூடத்தின் தலைவியான மேடம், புரதத்தைச் செல்களைக்கொண்டே தயாரித்துவிடலாம் என்று முடிவெடுத்தார். அதற்கு ஜீனை வடிவமைக்க ஒருவன் வந்தான். முகமே தெரியாத அளவுக்குத் தாடி. அவனுக்குப் பெயரும் தாடி என்றே ஆயிற்று.

இந்தப் புரதம் பூதாகாரமானது. ஒரே மாதிரி மணிகளை வரிசையாகக் கோத்த நீள மாலை. மாலை முழுக்கச் சர்க்கரைக் கொத்துகள் தொங்கும். முழுசாகச் செய்வது நடக்காத காரியம். தாடி கணினியில் உட்கார்ந்து, பரிசோதனைக்கு வேண்டிய சில மணிகளுக்கு மட்டும் மரபெழுத்தை எழுதினான். அதைச் செயற்கையாகச் செய்து வரவழைத்து பாக்டீரியாவுக்குள் நுழைத்தார்கள். பாக்டீரியா சொன்னபடி கேட்டுப் புரதம் செய்தது. ஆனால் எல்லாமே சுருண்டு கசங்கி அதன் வயிற்றுக்குள்ளேயே உறைந்து கிடந்தது. நுண்நோக்கியில் பார்த்துவிட்டுத் தாடி சொன்னான்: "நல்லா இருக்கு போங்க. கட்டியைக் கண்டுபிடிக்கச் சொன்னா, நாம கட்டி செஞ்சு வச்சிருக்கோம்."

பிறகு ஈஸ்ட். அது தன் இஷ்டத்துக்குச் சர்க்கரையை அள்ளி ஒட்டிவைத்தது. புரதத்தை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ள வேண்டிய ஆன்டிபாடி, யாரோ தெரியாத ஆள் என்பது போல விலகிப் போயிற்று. கடைசியாக விலங்குச் செல்கள். அவை பச்சைக் குழந்தை மாதிரி. கொஞ்சம் சூடு கூடினால் செத்துப் போகும். தீனி மாறினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சுண்டு அவற்றுக்கு வருடக்கணக்கில் தாதியாக இருந்தாள். அவை வெளியே விடும் திரவத்தைக் குளிரறைக்குக் கொண்டுபோய், கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி, புரதத்தைப் பிரிப்பாள். கம்பளித் தொப்பி, கையுறை, எப்போதும் ஒழுகும் மூக்கு. குளிரறையை விட்டு வெளியே வந்தால் கோடையிலும் அவள் விரல்கள் கொஞ்ச நேரத்துக்கு மடங்காது.

ஒருநாள் ஆன்டிபாடி அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டது. படத்தாளில், இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பாக ஒரு பட்டை. தாடி மேசையைத் தட்டிக் கூத்தாடினான். சுண்டு நடைபாதைக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பிடிச்சிடுச்சு."

"என்னடி பிடிச்சுது? ஜலதோஷமா? அந்த ஐஸ் பெட்டிக்குள்ள போகாதேன்னா கேட்கிறியா?"

விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. "இனிமே அந்த கேன் வராதா?" என்று மட்டும் அக்கா கேட்டாள். கேன்களைப் பற்றி என்றைக்கோ ஒருமுறைதான் சுண்டு அவளிடம் சொல்லியிருந்தாள்.

"வராதுக்கா."

ஆய்வுக்கூடம் செய்த எடைக்கல்லோடு பரிசோதனைப் பெட்டிகள் விற்பனைக்குப் போயின. முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, மேலே போனால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். கிளட்சை மிதிக்கத் திணறுகிற பெண்களிடமெல்லாம், "வயித்துல ஏதாவது தொந்தரவுன்னா அந்த டெஸ்டைக் கேட்டு வாங்கி எடுத்துக்குங்க. என் தங்கச்சி செஞ்சது" என்றாள்.

சுண்டு தடுத்துப் பார்த்தாள். "அக்கா, அதை அப்படி எல்லாரும் எடுக்கக் கூடாது. நோய் இருக்கிறவங்களுக்குச் சிகிச்சை கேட்குதான்னு பார்க்கத்தான் அது முக்கியம்."

"நீ சும்மா இரு. உனக்குப் பொருள் செய்யத் தெரியுது, விக்கத் தெரியல."

சில வருடங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. இரண்டு வாய் வைத்தால் வயிறு நிறைந்துவிடும். காரின் இருக்கைப் பட்டியைப் பூட்டும்போது, "கார் சுருங்கிடுச்சு போல" என்று சிரித்தாள். வாயுத் தொல்லைக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். சரியாகவில்லை என்றதும் தெருமுனை மருத்துவரிடம் போய், அவர் எழுதிய பரிசோதனைகளோடு தங்கையின் டெஸ்டையும் சேர்க்கச் சொல்லி ரத்தம் கொடுத்தாள்.

முடிவு வந்த அன்று சுண்டு உடை மாற்றும் அறையில் காலணி உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"பதினொண்ணு!" பரீட்சையில் தேறிய பிள்ளையின் குரல் அக்காவுக்கு. "முப்பத்தஞ்சு வரைக்கும் போகலாமாமே, எனக்கு வெறும் பதினொண்ணு. டாக்டர்கிட்ட சொன்னேன், இதைச் செஞ்சதே எங்க வீட்டுப் பொண்ணுதான்னு. அவர் எழுந்து நிக்கல, அவ்வளவுதான்."

இந்தப் புரதத்தைக் கசிய விடாத கட்டிகளும் உண்டு. எல்லாக் கட்டியும் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. அது ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் பொடி எழுத்தில் அச்சாகியும் இருந்தது.

"அக்கா, சந்தோஷம். ஆனா ஒரு ஸ்கேன் எடுத்துடு."

"எதுக்கு?"

"இந்த டெஸ்ட்ல தெரியாத வகையும் இருக்கு."

"டாக்டரே வாயுதான்னு சொல்லிட்டார். நீ என்ன டாக்டருக்கு மேலயா?"

"நான் செய்றது எனக்குத் தெரியாதா அக்கா? குறைஞ்சிருந்தா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் கிடையாது."

"இத்தனை வருஷமா ஐஸ் பெட்டிக்குள்ள உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்திச் செஞ்சியே, அதுமேல உனக்கே நம்பிக்கை இல்லையா?" அக்கா சிரிப்பாகத்தான் கேட்டாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுண்டு நேரில் போய்க் கெஞ்சினாள். பிறகு குரலை உயர்த்தினாள். அவள் குரல் உயர்ந்து அந்த வீடு கேட்டதில்லை. தண்ணீர் எடுக்க எழுந்த அத்தான் அப்படியே சமையலறையில் நின்றுவிட்டார். அக்கா தட்டை நகர்த்திவிட்டு, "உனக்கு எல்லாரும் கேன்ல வர்ற ஆளாத்தான் தெரியுறாங்க. நல்லா இருக்கிறவளைப் பார்த்து வாழ்த்தத் தெரியல, வாயைத் திறந்தா கட்டி கட்டின்னு" என்றாள். சுண்டு சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சுண்டு அத்தானின் கடைக்குப் போனாள். யாருக்கோ கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, நாற்காலியைக் காட்டினார்.

"நீங்களாவது கூட்டிட்டுப் போங்க அத்தான்."

"சொல்லாமலா இருக்கேன்? காதுல போட்டுக்கிட்டாத்தானே. அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போடாத குறையா அலமாரிமேல வச்சிருக்கா. நான் ஏதாவது ஆரம்பிச்சா அதை எடுத்து நீட்டுறா." அவர் திருகாணியைக் கீழே தவறவிட்டுத் தேடினார். "கூட்டிட்டுப் போறதுன்னா வண்டியையும் அவதானே ஓட்டணும். எனக்கு ஓட்டத் தெரியாதேம்மா."

குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஒரு காலை வகுப்பில், வளைவில் திரும்பும்போது அக்கா சுருண்டு முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். சக்கரத்தைப் பிடித்திருந்தவள் ஒரு வங்கி ஊழியை. அதுவரை வண்டியை ஒருமுறைகூட ஒழுங்காக நிறுத்தியறியாதவள். ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமல், நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். தங்கை ஓடி வந்தபோது அக்கா படுக்கையில் கிடந்தபடி முதலில் சொன்னது இதைத்தான்: "ரெண்டு இடத்துல இண்டிகேட்டர் போடாமத் திரும்பினா. இருந்தாலும் பாஸ் போட்டுட்டேன்."

ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் கட்டி. குடல் மடிப்புகளிலும் ஈரலின் மேலும் பரவியிருந்தது. வயிற்றில் நீர். அறுவைச் சிகிச்சை நிபுணர் பெண். சுண்டு செய்யும் வேலை அவருக்குத் தெரிந்திருந்தது. "இந்த வகைக் கட்டி உங்க டெஸ்ட்ல தெரியாது. மறுபடியும் பார்த்தோம். இப்பவும் முப்பத்தஞ்சைத் தாண்டல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சுண்டுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தான் மருந்து வாங்கப் போனதும் சகோதரிகள் தனியாக இருந்தார்கள். சண்டைக்குப் பிறகு முதல்முறையாக. "நான் சொன்னேன்ல" என்று ஒரு சொல் சுண்டுவின் வாய்வரை வந்தது. அதை விழுங்கினாள். அக்கா விட்டத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உன் டெஸ்ட் தப்பு இல்லையே?"

"இல்லக்கா. அளவு சரிதான். அந்தப் புரதம் உன் ரத்தத்துல நிஜமாவே பதினொண்ணுதான் இருந்துச்சு."

"அப்ப சரி." அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

அறுவைச் சிகிச்சை நடந்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றல். தலைமுடி கொட்டியது, விரல் நுனிகள் மரத்தன, நாக்கில் எதை வைத்தாலும் இரும்பாக ருசித்தது. சுண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். ஓட்டுநர் வகுப்புகள் நின்றன. கற்றுக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்ச நாள் போன் செய்து விசாரித்தார்கள். பிறகு வேறு பள்ளிகளில் சேர்ந்துகொண்டார்கள்.

வயிற்றில் நீர் மறுபடி மறுபடி சேர்ந்தது. அதை வடிக்கும்போது சுண்டு பக்கத்தில் இருந்தாள். குழாய் வழியாகக் கேனில் இறங்கிய நீரின் நிறத்தை அவள் எங்கே கண்டாலும் அறிவாள். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதை அக்கா பார்த்துவிட்டாள்.

"இதை என்ன செய்வாங்க?"

"கொட்டிடுவாங்க."

"எதுக்குக் கொட்டணும்? உன் லேபுக்கு எடுத்துட்டுப் போ."

"இதுல எங்க புரதம் இருக்காதுக்கா."

"அது இல்லன்னா வேற ஏதாவது இருக்கும்ல? இவ்வளவு பெரிய திருட்டுப்பய, வீட்டுக்குள்ள இவ்வளவு நாள் குடியிருந்திருக்கான், ஒரு செருப்பைக்கூடவா விட்டுட்டுப் போயிருக்க மாட்டான்? தேடிப் பாருங்க."

மருத்துவமனை அனுமதி கொடுத்தது. அக்கா கையெழுத்துப் போட்டாள். சுண்டுவால் அந்தக் கேனைத் தொட முடியவில்லை. தாடி வந்து எடுத்துப் போனான். அறை வாசலில் நின்று அவன் அக்காவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. "முதல்ல அந்தத் தாடியை மழிங்க தம்பி, முகம் பார்த்துப் பேசலாம்" என்றாள் அக்கா.

அந்த நீரில் தாடி ஒன்றைக் கண்டுபிடித்தான். சின்னப் புரதம், ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் இவ்வளவு இருக்கக் கூடாதது. அதே வகை நோய் கொண்ட வேறு சிலரின் மாதிரிகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அவற்றிலும் இருந்தது. மேடம் இரண்டு பேரின் நேரத்தையும் செல் வளர்க்கும் அடைகாப்புப் பெட்டி ஒன்றையும் ஒதுக்கிக்கொடுத்தார். சுண்டு வேலைக்குத் திரும்பினாள். காலையில் அக்காவைக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள், மதியம் வந்து போவாள். அத்தான் கடையைப் பாதி நாள்தான் திறந்தார்.

இந்த முறை எல்லாம் கைகூடி வந்தது. ஜீனை எழுதி பாக்டீரியாவில் வைத்த முதல் முயற்சியிலேயே புரதம் கசங்காமல் வெளியே வந்தது. பழையதற்கு ஆன வருடங்களை நினைத்து சுண்டுவுக்குச் சிரிப்புகூட வந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள்.

"அதுக்கு என்ன பேரு?"

"பேரெல்லாம் இல்ல. நம்பர்தான்."

"என் பேரை வையேன்."

"வச்சா, அப்புறம் ரத்தத்துல நீ இருக்கேன்னு சொன்னாலே எல்லாரும் அழுவாங்க. பரவாயில்லையா?"

அக்கா யோசித்தாள். "வேணாம். நம்பரே இருக்கட்டும்." சிரிக்க முயன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது எதுவும் சுண்டுவுக்கு நினைவில் இல்லை.

அக்கா ஒரு வெயில் மதியத்தில் போனாள். சுண்டு அவள் கால்விரல் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கால் முடிந்து இடது காலை மடியில் எடுத்து வைத்தபோது, அக்காவின் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அத்தானைக் கூப்பிட்டாள். அவர் வந்து உட்கார்ந்து கையைப் பிடிப்பதற்குள் அடுத்த மூச்சு வரவில்லை. தெருவில் யாரோ ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் இயந்திரத்தை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். சுண்டு மீதி நகங்களையும் வெட்டி முடித்தாள். அத்தான் அதைத் தடுக்கவில்லை.

இரண்டாவது புரதத்தின் கதையும் அந்த வருடத்திலேயே முடிந்தது. எடைக்கல் செய்தாயிற்று, தராசும் தயார். நோய் இல்லாத பெண்களின் ரத்தத்தில் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. பார்த்தார்கள். சாதாரண நீர்க்கட்டி இருப்பவர்களுக்கும் எண் எகிறியது. ஒன்றுமே இல்லாத சிலருக்கும் எகிறியது. இதை நம்பினால் நல்ல உடம்புக்காரர்களைக் கத்தியின் கீழே படுக்க வைக்க வேண்டியிருக்கும். மேடம் சுண்டுவைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நிறுத்திடலாம்மா. இது யாருக்கும் உதவாது."

"தெரியுது மேடம்."

"வேற யாராவது சொல்லி நீங்க கேட்க வேண்டாம்னுதான் கூப்பிட்டேன்."

குடுவைகளில் வளர்ந்த பாக்டீரியாவைக் கொதிகலனில் வைத்து அழிக்கும் வேலையைத் தாடி தானே செய்தான். அதற்குள் அவன் தாடியை மழித்திருந்தான். சின்ன, பயந்த முகம். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுண்டு அத்தான் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. சமையல் இப்போது அவளுடையது. இருவருக்கும் பேச அதிகம் இருக்காது. ஒருநாள் சாப்பிட்டு முடிந்து, கை காய்ந்த பிறகும் அவர் எழாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேட்கணும். மனசுல வச்சுக்காதே."

"கேளுங்க அத்தான்."

"அந்த டெஸ்டே இந்த உலகத்துல இல்லாம இருந்திருந்தா, அவ ஸ்கேனுக்குச் சீக்கிரம் போயிருப்பாளா?"

பொய் சொல்ல இடமிருந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டும் இருப்பார். ஒருவேளை அதற்காகவே கேட்டிருக்கலாம். சுண்டு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிருப்பா அத்தான். வாயுன்னு ஒரு மாசம் பார்த்திருப்பா. அப்புறம் பயந்து போயிருப்பா."

"பிழைச்சிருப்பாளா?"

"அது தெரியாது. கொஞ்ச காலம் கூட இருந்திருக்கலாம்."

அத்தான் தலையை ஆட்டினார். எழுந்து, இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். நீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "நீ சொன்னியே, அவகிட்ட. நான்தான் பக்கத்துல இருந்து கேட்டேனே" என்றார். அது ஆறுதலா, தன்னையே சொல்லிக்கொண்டதா என்று அவளுக்குப் புரியவில்லை.

பெட்டிக்குள் பொடி எழுத்தில் கிடந்த அந்த வரியை நோயாளி கையில் கிடைக்கும் முடிவுத் தாளிலேயே அச்சிட வேண்டும் என்று சுண்டு மேடத்திடம் கேட்டாள். மேடம் ஒத்துக்கொண்டார். விற்பனைப் பிரிவுக்காரர், "இயல்புன்னு போட்டுட்டுக் கீழேயே இயல்பா இல்லாமலும் இருக்கலாம்னு போட்டா, வாங்கறவன் நம்மைப் பைத்தியம்னு நினைப்பான்" என்றார். பல கூட்டங்கள் நடந்தன. கடைசியில் வரி தாளின் அடியில் வந்தது, எழுத்து ஒரு சுற்றுப் பெரிதாக: எண் குறைவாக இருந்தாலும் தொந்தரவு நீடித்தால் மருத்துவரைப் பார்க்கவும். அதற்கு மேல் அவர்கள் இறங்கி வரவில்லை. எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று அறிய வழியில்லை.

குளிரறைக்குள் அவள் இன்னும் போகிறாள். பழைய எடைக்கல்தான், பழைய குழாய்தான். அந்தப் பரிசோதனையால் நோய் திரும்பியதைச் சரியான நேரத்தில் கண்டுகொண்ட பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிபுணர் ஒருமுறை அதைச் சொன்னார், கருணையோடு. சுண்டு நன்றி சொன்னாள். யாராவது என்ன வேலை என்று கேட்டால் "லேப்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறாள்.

போன மாதம் அவள் கட்டிடத்தில் எதிர்வீட்டுப் பெண், துணி உலர்த்தும்போது, வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். ரத்தம் பார்த்தாயிற்றாம், எல்லாம் நன்றாக இருக்கிறதாம். சுண்டு கையிலிருந்த துணியை அப்படியே கொடியில் போட்டுவிட்டு, "ஸ்கேன் எடுத்தீங்களா?" என்றாள். அந்தப் பெண் இல்லை என்றதும் அவளை விடவில்லை. மறுநாள் காலையில் கதவைத் தட்டி, தயாராகும் வரை வாசலிலேயே நின்று, ஆட்டோ பிடித்து ஸ்கேன் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். சிறுநீர் முட்டும் வரை தண்ணீர் குடிக்க வைத்து வரிசையில் உட்கார வைத்தார்கள். எதிர்வீட்டுப் பெண் உள்ளே போனதும், சுண்டு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றும் இல்லை. சினைப்பை சுத்தம். குடலில் வாயு.

வெளியே வந்த பெண்ணின் முகத்தில் கடுப்பு தெரிந்தது. அரை நாள் சம்பளம் போச்சு. இரவெல்லாம் தூக்கமும் போச்சு. "என்னங்க நீங்க, சும்மா இருந்தவளை இப்படிப் பயமுறுத்திட்டீங்களே" என்றாள்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் சுண்டு. "நல்லதாப் போச்சு. மன்னிச்சுக்குங்க."

அந்தப் பெண் தனியாகவே ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மாடியில் எதிர்ப்பட்டால் கொடியின் மறுபக்கமாக நகர்ந்துபோகிறாள். சுண்டு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று நிலையத்தின் வாசலில், வெயிலில், கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள். யாருக்காவது போன் செய்து ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. கைப்பையில் கையை விட்டு, அலைபேசியைத் தொட்டு, பிறகு எடுக்காமலே பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.